சீத்தா விதையும் ஒரு குவார்ட்டரும்

பாட்டிலை முதலில் பார்த்தது செல்லியம்மாள்தான். மண் நிரப்ப அடுக்கிவைத்திருந்த பாலித்தீன் பைக் கட்டைத் தூக்கினாள். அடியில் கிடந்தது. பிராந்தி குவார்ட்டர். மூடி இல்லை, உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

பார்த்தும் பார்க்காததுபோல் அதை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்திருக்கலாம். மறைக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து சௌந்திரத்தின் முன்னால் வைத்தாள்.

“அம்மிணி, இது உங்க ஊட்டுக்காரரோடதா, இல்ல ரோட்டுல போற எவனாச்சும் வீசிட்டுப் போனதா?”

சௌந்திரம் அப்போதுதான் குமாரபாளையத்திலிருந்து வந்து இறங்கியிருந்தாள். தங்கை மகளுக்குச் சீர் என்று முந்தின நாள் போனவள், இரவு அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். துணிப்பை இன்னும் தோளில் தொங்கியது. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கோழிப்பண்ணைச் சுவரை ஒட்டி உள்ளே நடந்தால் அவர்கள் நாற்றுப்பண்ணை. பண்ணை என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. குத்தகை நிலம், பச்சை வலைக் கூடாரம், தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவளும் அவள் புருஷன் அர்த்தநாரியும் பாடுபட்டு நிறுத்தியது. கூலிக்குச் செல்லியம்மாள் வருவாள்.

“ரோட்டுல போறவன் பைக்கட்டத் தூக்கி அடியில வெச்சுட்டுப் போவானாக்கா?” என்றாள் சௌந்திரம்.

“அதத்தான் நானும் நெனச்சேன். சொல்லக்கூடாதுன்னு வாய மூடிட்டேன்.”

சௌந்திரம் கொட்டகைக்குள் போனாள். ஆணியில் அவன் நேற்றுப் போட்டிருந்த சட்டை தொங்கியது. எடுத்து முகர்ந்தாள். கைப்பக்கம், மார்புப்பக்கம், எல்லாம் பிராந்தி வாடை. பத்து வருஷம் அந்த வாடையோடு ஒரே பாயில் படுத்தவளுக்கு இன்னொரு முறை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. சட்டையை ஆணியில் மாட்டாமல் தரையில் போட்டாள்.

அர்த்தநாரி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பாட்டிலைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டைப் பார்த்தாள். வெயில் படாத தோல் ஒரு வளையம்போல் வெளுத்திருந்தது. கயிறு இல்லை.

“கயிறு எங்கீங்க?”

“புள்ள, நான் சொல்றதக் கேளு.”

“கயிறு எங்கீங்கன்னு கேட்டேன்.”

அந்தக் கயிறு முனியப்பன் கோயிலில் கட்டியது. குடியை விட நினைக்கிறவனைப் பெண்டாட்டியோ தாயோ கூட்டிக்கொண்டு போவாள். பூசாரி சாமி முன்னால் நிற்கவைத்து, இனிக் குடிக்கமாட்டேன் என்று மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கிறவரை சரக்கை வாயில் வைக்கக்கூடாது என்பது மட்டுமில்லை, பாட்டிலைக் கையால் தொடவும் கூடாது. தொட்டவன் ரத்தம் கக்குவான் என்று ஊரில் பேச்சு. கக்கினவனை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அர்த்தநாரி அந்தப் பேச்சுக்குப் பயந்தான். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராய்ப் போய் ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று பாறையைத் துளைத்தவன். இடி மாதிரி மெஷின் சத்தத்துக்குப் பயப்படாதவன், மஞ்சள் நூலுக்குப் பயந்தான். அந்தப் பயத்தில்தான் சௌந்திரத்தின் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது என்று சும்மா சொல்லவில்லை. சத்தீஸ்கரில் மாசக்கணக்கில் போர் போட்டுவிட்டு ஊர் திரும்புகிறவன், நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வந்து சேர ஒரு வாரம் ஆன காலம் உண்டு. அவள் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லாமல் போனதும் அந்தக் காலத்தில்தான். மகள் மதுமதி சேலத்தில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன அன்று, அப்பனிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அதற்குப் பிறகுதான் அவன் தானாக வந்து, கயிறு கட்டக் கூட்டிப்போ என்று கேட்டான். கட்டின அன்று சௌந்திரம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். இது அறுந்தால் நான் குமாரபாளையம் போய்த் தங்கச்சி வீட்டுத் தறிக்கு நூல்தார் சுற்றிப் பிழைத்துக்கொள்வேன், பின்னால் வரவேண்டாம் என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அது அவனுக்கும் தெரியும்.

“அவுத்து முனியப்பன் படத்துக்கு முன்னால வெச்சிருக்கறேன்,” என்றான் அர்த்தநாரி. “கயிறு இருக்கற கையால தொட்டாத்தான குத்தம்? குடிக்கறதுக்கு வாங்கல. வெதைக்கு வாங்குனேன்.”

செல்லியம்மாள் மண் அள்ளுகிறதை நிறுத்தினாள். “வெதை குடிக்குதா? நல்லாருக்குதுங்க சாமி. எங்கூட்டுல இருந்த ஆளு ஆடு குடிச்சிருச்சுன்னு சொல்லும்.”

“செல்லியக்கா, நீங்க சும்மா இருங்க,” என்றான் அவன். “புள்ள, தீபிகா சொன்னது உனக்கு நெனப்பிருக்குதா இல்லியா?”

நினைப்பிருந்தது. தீபிகா உரக்கடையில் இருக்கிற பெண், வேளாண்மை படித்தவள். அடிவாரத் தோப்புக்காரர் ஒருவர் ஒட்டுக் கட்டுவதற்குச் சீத்தாப்பழ அடிக்கன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். சீத்தா விதையைப் போட்டால் லேசில் முளைக்காது. தோன்றினால் ஒரு மாசத்தில் வரும், இல்லையென்றால் மூன்று மாசம் மண்ணுக்குள் கிடக்கும். பத்துப் பையில் ரெண்டில் வரும், அந்த ரெண்டும் வேறு வேறு நாளில் வரும். அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கப் போனபோது தீபிகா கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஜிப்ரலிக் ஆசிட். திராட்சைக்கு அடிக்கிற மருந்துதான் என்றாள்.

“வெதைக்குள்ள தூங்குன்னு சொல்ற சத்து ஒண்ணு இருக்குதுங்க. எந்திரின்னு சொல்ற சத்து ஒண்ணு இருக்குது. சீத்தா வெதையில தூங்கச் சொல்றது சாஸ்தி. நாம எந்திரிக்கச் சொல்றத வெளிய இருந்து கொஞ்சம் சேத்துக் குடுக்கறோம், அவ்வளவுதான். ஆனா இந்தப் பொடி தண்ணியில சட்டுனு கரையாதுங்க. மொதல்ல ஸ்பிரிட்டுல கரைச்சுக்கோணும். அப்பறம் தண்ணியில ஊத்தி, வெதைய ஊறப்போடுங்க.”

முதல் தடவை அர்த்தநாரி ஸ்பிரிட் வாங்க மருந்துக்கடைக்குப் போனான். கடைக்காரருக்கு அவனை நன்றாகத் தெரியும். பழைய காலத்தில் அவன் எதையெல்லாம் வாயில் ஊற்றிக்கொண்டான் என்பதும் தெரியும். “உனக்கு ஸ்பிரிட் குடுத்துட்டு நான் போலீஸ் ஸ்டேசன்ல ஒக்காரவா?” என்று கேட்டுத் துரத்திவிட்டார். பிராந்தியிலும் கரையும் என்று தீபிகா போனில் சொன்னாள். கையில் கயிறு. பாட்டிலைத் தொடக்கூடாது. அவன் ரிக் ஆள். எது இறங்கவில்லையோ அதன்மேல் இன்னும் அழுத்தம் கொடுப்பதுதான் அவனுக்குத் தெரிந்த வழி. தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து அதில் பொடியைப் போட்டுக் கலக்கினான். கரைந்துவிட்டது. சந்தோஷமாக விதையை ஊறப்போட்டுப் பையில் ஊன்றினான். அந்தப் பைகள் கூடாரத்தின் மேற்குப் பக்கம் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. ஒன்றுகூட முளைக்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மருந்தின் வீரியம் செத்துப்போகும் என்று தீபிகா பிறகு சொன்னாள். “தூங்கறவன் மூஞ்சியில கொதிதண்ணி ஊத்துனா எங்க எந்திரிக்கறது” என்று செல்லியம்மாள் சிரித்தது ஊருக்கே கேட்டது.

“இந்தத் தடவையும் போச்சுன்னா தோப்புக்காரரு வேற பக்கம் போயிருவாரு,” என்றான் அர்த்தநாரி இப்போது. “வெதைய நேத்தே கழுவி வெச்சாச்சு. நீயும் இல்ல. கயித்த அவுத்தேன், போயி வாங்குனேன், பொடியக் கரைச்சேன், தண்ணியில ஊத்தி வெதைய ஊறப்போட்டு, பொழுது சாய ஊனிட்டேன். கையாலதான் அலசுனேன், அதான் சட்டையெல்லாம் நாத்தம். முழுப் பாட்டிலும் வெதைக்குத்தான் போச்சு.”

“அப்ப கயிறில்லாம ரோட்டுல நடந்து, கயிறில்லாம கடையில நின்னு, கயிறில்லாம பாட்டிலோட தனியா இந்தக் கொட்டாயில ஒக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

“நான் வந்து ஊத்தியிருப்பேனே. ஒரு நா பொறுக்க முடியலயா?”

அவன் குனிந்து காலில் ஒட்டின மண்ணைச் சுரண்டினான்.

“பாட்டில எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

“நீ பாத்தா சண்ட வரும்னு.”

“பாக்காட்டி வராதா?” என்றாள் செல்லியம்மாள், மண்ணைப் பார்த்தபடியே.

சௌந்திரத்துக்கு அவன் சொன்னதை நம்பவேண்டும்போல்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. பத்து வருஷம் அவன் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றும் இதேபோல் கோர்வையாக, நடந்தது நடந்தபடி என்பதுபோல்தான் இருந்தன. வண்டி ரிப்பேர் என்பான், எந்த நட்டு கழன்றது என்றுகூடச் சொல்லுவான். ஊதச் சொல்லிப் பார்க்கலாம் என்றால் ஒரு ராத்திரி கழிந்துவிட்டது.

தோளில் இருந்த பையை இறக்கினாள். பிரிக்கவில்லை. கொட்டகை மூலையில் அப்படியே வைத்தாள். அவன் அதைப் பார்த்தான்.

அன்று மதியம் அவன் சைக்கிளில் தண்ணீர்க் குழாய் வாங்கப் போனபோது தீபிகாவுக்குப் போன் போட்டாள்.

“கண்ணு, அந்தப் பொடியக் கரைக்க எவ்வளவு பிராந்தி வேணும்?”

“அண்ணன் எத்தன கிராம் வாங்கிட்டுப் போனாருங்க? ஆங், அஞ்சு கிராம் பொட்டலம். ஸ்பிரிட்டுன்னா கொஞ்சம் போதுங்க. பிராந்தின்னா பாதிக்கு மேல தண்ணிதான, ஒரு குவார்ட்டர் முழுசா வேணும்.”

“பாதி பாட்டில்தான் ஊத்துனாங்கன்னா?”

“பொடி திரிதிரியா மெதக்குங்க. மெதக்கறது வெதைக்குள்ள போகாது.”

“ஊத்தவே இல்லன்னா?”

தீபிகா புத்திசாலி. “அப்ப ஒண்ணும் ஆகாதுங்கக்கா. சாதா வெதை மாதிரிதான் கெடக்கும். சரியாக் கரைச்சிருந்தா மூணு வாரத்துல மளமளன்னு வந்துரும். நீங்களே பாத்துக்கலாம்.”

போனை வைத்துவிட்டுச் சௌந்திரம் கிழக்குப் பக்கப் பைகளுக்கு நடுவே போய் நின்றாள். நேற்று ஊன்றிய விதைகள். வரிசை வரிசையாய்க் கறுப்புப் பைகள், மேலே ஈரமான செம்மண். அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அர்த்தநாரிக்கு ஒரு வாய் என்பதே கிடையாது. குடிக்கத் தொடங்கின நாளிலிருந்து அவன் ஒரு பாட்டிலைப் பாதியில் வைத்து அவள் பார்த்ததில்லை. உதட்டில் பட்டால் அடிவரை போகும். ஆகவே அந்தக் குவார்ட்டர் ஒன்று முழுசாக விதைக்குள் போயிருக்கிறது, இல்லை முழுசாக அவனுக்குள் போயிருக்கிறது. எது என்று இந்தப் பைகள்தான் சொல்லவேண்டும்.

அமாவாசைக்கு முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்றான் அவன். “வெதை மொளைக்கட்டும்,” என்றாள். “அவுத்தது எதுக்குன்னு தெரியாம மறுபடி கட்டுனா சாமி குத்தம்.”

அதன்பிறகு வேலை நடந்தது, பேச்சு நின்றுபோனது. காலையும் சாயங்காலமும் பூவாளியில் தண்ணீர் தெளித்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, வலைக்கூடாரத்தில் தேங்கின தண்ணீரைக் கம்பால் தட்டித் தட்டி இறக்கினார்கள். பொழுது சாய்ந்ததும் அவன் கைகால் கழுவிவிட்டு அவள் முன்னால் வந்து நிற்பான். அவள் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்து ஊதுவான். அவள் முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டுவாள்.

“நாமக்கல் போலீசு தோத்துச்சு போ,” என்றாள் செல்லியம்மாள். “தினம் ஊதச் சொல்றயே அம்மிணி, ஒரு நாளாச்சும் வாடை அடிச்சுதா?”

“இல்லக்கா.”

“அப்பறம் என்ன?”

“இன்னைக்குக் குடிக்கல. அன்னைக்கு?”

செல்லியம்மாள் மண்ணை அள்ளிப் பையில் போட்டாள். அவள் புருஷன் குடித்தே செத்தவன். செத்த அன்றும் குடிக்கவில்லை என்றுதான் சொன்னான்.

தீபிகா சொன்ன மூன்று வாரம் வந்தது, போனது. மண் மேல் ஒன்றுமில்லை. மழை விட்டால் குளிர், குளிர் விட்டால் மழை. குளிரில் கொஞ்சம் தாமதமாகும் என்று தீபிகா சொன்னாள். சௌந்திரத்துக்கு அது ஆறுதல் சொல்லுகிற குரலாகத் தெரிந்தது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது ஓரத்துப் பை ஒன்றில் விரலை விட்டு விதையை எடுத்துப் பார்த்தாள். ஊன்றினபோது இருந்த அதே கறுப்பு, அதே வழவழப்பு. கூழாங்கல்போல் கெட்டியாக இருந்தது. அதைத் திரும்பப் புதைத்துவிட்டு நெடுநேரம் அங்கேயே குந்தியிருந்தாள்.

அழுகை வரவில்லை. அடி வாங்கின காலத்தில்கூட அவளுக்கு இப்படி அலுப்பாக இருந்ததில்லை. அப்போது எதிர்பார்ப்பு இல்லை. இந்த ஒன்றரை வருஷமாகத்தான் எதிர்பார்க்கப் பழகியிருந்தாள். தங்கைக்குப் போன் போட்டு, தார் சுற்ற ஆள் வேண்டும் என்றாயே, இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். வா என்றாள் தங்கை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள் சௌந்திரம். அர்த்தநாரி தொட்டியருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்த குழாயில் தண்ணீர் அவன் காலில் போய்க்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்தாள். மூலையில் இருந்த பையை எடுத்து வாசலில் வைத்தாள். செல்லியம்மாளுக்கு அன்று விடுமுறை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போகிறவள் போனாலும் செடி காயக்கூடாது என்று பூவாளியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். எலுமிச்சை, கொய்யா, நெல்லி. எல்லாவற்றுக்கும் தெளித்துவிட்டுக் கிழக்குப் பக்கம் திரும்பினாள்.

முதல் பையில் மண் வெடித்திருந்தது.

எலி நோண்டியிருக்கும் என்று நினைத்தாள். குனிந்தாள். வெடிப்புக்குள் வெளிறின தண்டு ஒன்று, முதுகைக் காட்டி வளைந்து நின்றது. தலை இன்னும் மண்ணுக்குள்தான். பக்கத்துப் பையைப் பார்த்தாள். அதிலும் வெடிப்பு. அதற்கு அடுத்ததில் தலை வெளியே வந்தே விட்டது, விதையோட்டைக் குல்லாய்போல் மாட்டிக்கொண்டு நின்றது. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையோடு நடந்தாள். நடக்க நடக்க வெடிப்பு. அவள் நோண்டிப் பார்த்த ஓரத்துப் பை மட்டும் சும்மா இருந்தது. ஓடாத குறையாக மேற்குப் பக்கம் போய், கொதிதண்ணீர்ப் பைகளைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. அதே மழை, அதே குளிர், அதே மண். ஒன்றுமில்லை.

இரண்டு வரிசைக்கு நடுவில் சேற்றிலேயே உட்கார்ந்தாள், பஸ்ஸுக்குக் கட்டின சேலையோடு. நெஞ்சில் இத்தனை நாள் ஏற்றிவைத்திருந்த பாரத்தை யாரோ இரண்டு கையாலும் தூக்கி இறக்கின மாதிரி மூச்சு வந்தது. அந்த மூச்சு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

அர்த்தநாரி ஓடிவந்தான். அவளை எதுவோ கடித்துவிட்டது என்று நினைத்தான்.

“என்ன புள்ள, பாம்பா?”

அவள் கையைக் காட்டினாள். அவன் பார்த்தான். ஒரு பை, இரண்டு பை, வரிசை முழுக்கப் பார்த்தான். பிறகு அவளுக்கு எதிரே, அதே சேற்றில் உட்கார்ந்தான். கத்தவில்லை, நான் சொன்னேனா இல்லையா என்று கேட்கவில்லை. முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

“முழுப் பாட்டிலுங்களா?” என்றாள்.

“முழுசும். மூடியத் தொறந்தப்ப வாசன வந்துச்சு பாரு, கை நடுங்கிருச்சு. மூச்சப் புடிச்சுக்கிட்டு கவுத்தேன். அதுலதான் மூடிகூட எங்க போச்சுன்னு தெரியல.”

அதை அவன் இத்தனை நாளும் சொல்லவில்லை. கை நடுங்கியது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே நம்பியிருப்பாள். பொய் சொல்கிறவன் தன் கை நடுங்கியதைச் சொல்லமாட்டான்.

“இனிமே என்னக் கேக்காம எதையும் அவுக்காதீங்க,” என்றாள்.

“செரி.”

“வாங்கறதுன்னா நான் போயி வாங்கறேன். எவன் பாத்தாப் பாக்கட்டும்.”

“நீ கியூவுல நின்னா ஊருல எவனும் கடைக்கே வரமாட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். விழுந்த பல்லின் இடம் தெரியச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவன்போல் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏம்புள்ள, மொளைக்காம இருந்திருந்தா இன்னைக்குப் போயிருப்பியா?”

“போயிருப்பேன்.”

“வெதை சொத்தையா இருந்து, அதனால மொளைக்கலன்னா?”

சௌந்திரம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை, அதுவும் இந்த நேரத்தில்.

“அப்பவும் போயிருப்பேன்.”

“அது ஞாயமா?”

“இல்ல,” என்றாள். “ஞாயமில்லதான்.”

அவன் தலையை ஆட்டினான். அவள் எழுந்து சேலையில் ஒட்டின சேற்றைத் தட்டினாள். அது போகவில்லை. குல்லாய் கழலாமல் திணறிக்கொண்டிருந்த ஒரு முளையின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பிறகு போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள், தாருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்ல.